ஓயாமல் நின்ற தாத்தா: வாசகர் கேள்வி பதில்

ஒவ்வொரு தேர்தலிலும் சுயேச்சையாக நிற்பார்கள். மனதில் பட்டதை மைக்கில் சொல்வார்கள், கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும், ஓட்டு மட்டும் விழாது. அடுத்த தேர்தலுக்கு மறுபடியும் வேட்புமனுவோடு வந்து நிற்பார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட தாத்தாக்கள் இல்லாத வட்டாரம் குறைவு. அவர்களுடைய நினைவைப் பத்திரப்படுத்த விரும்பும் பேரன் பேத்திகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் தாத்தா எட்டு முறை தேர்தலில் நின்றதாக வீட்டில் சொல்கிறார்கள். ஊரில் பன்னிரண்டு என்கிறார்கள். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டுமே சரியாக இருக்கலாம். வேட்புமனு போட்டது வேறு, கடைசிவரை களத்தில் நின்றது வேறு. பரிசீலனையில் மனு தள்ளுபடி ஆகியிருக்கலாம், அவரே வாபஸ் வாங்கியிருக்கலாம். வீட்டில் ஒன்றைக் கணக்கில் வைத்திருப்பார்கள், ஊரில் இன்னொன்றை. ஆகவே ஒரு நோட்டில் முதலிலேயே இரண்டு பத்திகள் போட்டுவிடுங்கள்: மனுப் போட்டவை, நின்றவை.

நின்றவற்றுக்கு ஆதாரம் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள். முதல் பொதுத்தேர்தலான 1951-52 தொடங்கி எல்லாமே ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. தொகுதிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரின் பெயரும், கட்சியும், வாங்கிய ஓட்டும் இருக்கும். சுயேச்சைகளுக்கு ‘ஐ.என்.டி’ என்று போட்டிருப்பார்கள். சட்டமன்றத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டிய ஆண்டுகள்: 1952, 1957, 1962, 1967, 1971, 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006, 2011, 2016, 2021. மக்களவையைத் தனியாகப் பாருங்கள். 1989-இல் சட்டமன்றத் தேர்தல் ஜனவரியிலும் மக்களவைத் தேர்தல் நவம்பரிலும் நடந்தன. அந்த ஒரே ஆண்டில் இரண்டு முறை நின்றவர்கள் உண்டு.

தேடும்போது பெரும்பாலோர் தடுக்கி விழுவது பெயரில்தான். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. பழனிசாமி என்ற பெயரில் உள்ள ழகரத்துக்கு ஒரு தேர்தலில் ‘எல்’ போட்டிருப்பார்கள், அடுத்ததில் ‘இசட்எச்’ போட்டிருப்பார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். கணினியில் பெயரைத் தட்டித் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். தொகுதியைத் திறந்து, சுயேச்சைகளை ஒவ்வொருவராக வாசியுங்கள். தொகுதி எல்லைகளும் பலமுறை மாறியிருக்கின்றன. கடைசி மறுசீரமைப்பு 2008-இல் வந்தது. அதே கிராமம் 2006-இல் ஒரு தொகுதியிலும் 2011-இல் வேறொரு தொகுதியிலும் இருக்கலாம். பக்கத்துத் தொகுதிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

இடைத்தேர்தல்கள் அந்தப் பொதுத்தேர்தல் அறிக்கைகளில் இருக்காது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் கணக்கு தனி. மனு தள்ளுபடியான, வாபஸ் வாங்கிய விவரம் தொகுதிக்கு இத்தனை என்று எண்ணிக்கையாக மட்டும் அறிக்கையில் இருக்கும், பெயர் இருக்காது. பெயருக்கு அந்த நாளைய செய்தித்தாள்தான் வழி. மனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்கு மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள். இறுதி வேட்பாளர் பட்டியலும் சின்னமும் மாவட்டச் செய்திகளில் வந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. சென்னை கன்னிமரா நூலகத்தில் பழைய செய்தித்தாள் தொகுப்புகள் உள்ளன.

தாத்தா ஒரே ஒரு தடவை ‘டெபாசிட்டைத் திரும்ப வாங்கினார்’ என்பது எங்கள் குடும்பத்தில் பெரிய பெருமை. அந்தக் காலத்தில் டெபாசிட் எவ்வளவு? அவர் உண்மையிலேயே வாங்கினாரா என்று சரிபார்க்க முடியுமா?
– வாசகர், கோவில்பட்டி

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250 ரூபாய். நாற்பத்தைந்து ஆண்டுகள் இதே தொகைதான். 1996 ஆகஸ்டு முதல் 10,000, 5,000 ரூபாய் ஆனது. 2010 பிப்ரவரி முதல் 25,000, 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு எப்போதும் இதில் பாதி.

பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு *மேல்* வாங்கினால்தான் பணம் திரும்பும். செல்லத்தக்க ஓட்டு 60,000 என்றால் 10,000 வாங்கியவருக்கும் டெபாசிட் போய்விடும். 10,001 வேண்டும். இப்போது நோட்டாவுக்கு விழும் ஓட்டுகள் இந்தக் கணக்கில் சேராது. புள்ளிவிவர அறிக்கையில் மொத்தச் செல்லத்தக்க ஓட்டை எடுத்து ஆறால் வகுத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ஆனால் 1952, 1957 தேர்தல்கள் என்றால் கவனம் தேவை. அப்போது சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒன்று பொது இடம், ஒன்று பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கான தனி இடம், வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. அங்கே மொத்த ஓட்டை இரண்டால் வகுத்து, அதில் ஆறில் ஒரு பங்கு பார்க்க வேண்டும். இது தெரியாமல் பல குடும்பங்கள் ‘டெபாசிட் போச்சு’ என்று தப்பாக எழுதிவைத்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. மனு தள்ளுபடியானாலும், வாபஸ் வாங்கினாலும் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். தாத்தா ‘பணத்தைத் திரும்ப வாங்கினேன்’ என்று சொன்னது அதுவாகவும் இருக்கலாம். அப்படி என்றால் அப்படியே எழுதுங்கள். பெருமைக்காகக் கணக்கைத் திருத்தினால், விவரம் தெரிந்த ஒருவர் வாசிக்கும்போது மற்ற எல்லாத் தகவலும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பத்துப் பதினைந்து தேர்தல் நோட்டீஸ்கள் கிடைத்தன. எதிலும் ஆண்டு இல்லை. தேதி, கிழமை மட்டும் இருக்கிறது. எந்தத் தேர்தல் என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், ஈரோடு

தேதியும் கிழமையும் இருப்பதே பெரிய அதிர்ஷ்டம். மேலே தந்த ஆண்டுகளை வைத்துக்கொண்டு எந்த ஆண்டில் அந்தத் தேதி அந்தக் கிழமையில் வந்தது என்று நூற்றாண்டு நாட்காட்டியில் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் மிஞ்சும். மிஞ்சியதை நோட்டீஸே சொல்லும்.

முதலில் அடிவரியைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடிக்கக் கூடாது என்ற பிரிவு 1961-இல் சட்டத்தில் சேர்ந்தது. அச்சக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த நோட்டீஸ் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தையது. ‘சென்னை மாநிலம்’ என்று இருந்தால், பெயர் மாறிய 1969 ஜனவரிக்கு முந்தையது. உங்கள் பகுதிக்கே உரிய தடயம் ஒன்றும் உண்டு: ‘பெரியார் மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தால், அந்த மாவட்டம் உருவான 1979-க்குப் பிறகு, ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறிய தொண்ணூறுகளின் பிற்பகுதிக்கு முன்பு. ‘பதினெட்டு வயது நிரம்பிய தம்பி தங்கைகளே’ என்று ஓட்டுக் கேட்டிருந்தால் 1989 மார்ச்சுக்குப் பிறகுதான், அதற்கு முன் ஓட்டு வயது 21.

பிறகு எழுத்தைப் பாருங்கள். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு மேலெழும்பி நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக இருக்கும். ‘வேலை’, ‘பிள்ளை’, ‘அண்ணா’ போன்ற சொற்களில் இதைத் தேடுங்கள். புதிய எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1978-க்குப் பிறகு. பழைய எழுத்து இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிற்றூர் அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளைத் தேயும்வரை வைத்து ஓட்டினார்கள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறந்துவிடாதீர்கள். மிச்சமான நோட்டீஸின் முதுகில்தான் செலவுக் கணக்கு எழுதுவது வழக்கம்: மைக் செட் வாடகை, பசைக்கு மைதா, ஜீப்புக்குப் பெட்ரோல், டீ. முன்பக்கத்து முழக்கத்தைவிடப் பல சமயம் இந்தப் பென்சில் கணக்கு அந்தத் தேர்தலைத் தெளிவாகக் காட்டிவிடும்.

இப்படிப்பட்ட பழைய நோட்டீஸ்களை லேமினேஷன் செய்துவிடலாமா?
– வாசகி, சேலம்

வேண்டவே வேண்டாம். சூடுபட்ட பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியே இல்லை. மலிவான வண்ணத்தாள் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே நொறுங்கும், அது உள்ளே மாட்டிக்கொண்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. செலோடேப்பும் கூடாது. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். மைதா பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

மடிப்பை மெதுவாக விரித்து, இரண்டு வெள்ளை உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்குங்கள். இஸ்திரி போட வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி பாலியெஸ்டர் உறையில் போட்டு, படுக்கைவசமாக அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாச்சை உருண்டை காகிதத்தில் படக் கூடாது. ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கமும், 600 டி.பி.ஐ. அளவில், வண்ணத்தில் எடுங்கள். ரோஸ் தாளா பச்சைத் தாளா என்பதும் தகவல்தான். குறிப்பு எழுதுவதானால் உறைமேல் எழுதுங்கள். தாளிலேயே எழுத வேண்டியிருந்தால் பென்சிலில், ஓரத்தில்.

தாத்தா பேசிய ஒரு கேசட் இருக்கிறது. போட்டால் குரல் கீச்சென்று வேகமாக ஓடுகிறது. தாத்தா குரலே இல்லை. கெட்டுவிட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் கெடவில்லை. பதிவு செய்த நாளில் டேப் ரெக்கார்டரின் பேட்டரி இறங்கியிருக்கும். நாடா மெதுவாக ஓடிப் பதிவானதால், இப்போது சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று கேட்கிறது. கூட்டம் நீள நீள பேட்டரி இன்னும் இறங்கும் என்பதால் முடிவில் கோளாறு அதிகமாக இருக்கும்.

முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. உள்ளே நாடாவில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம், ஒலிப்பதிவு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். எல்லாம் சரி என்றால் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, பிறகு கணினியில் வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். வேகத் திருத்தத்தை நகலில் மட்டும் செய்யுங்கள். அவர் குரலை நன்றாகக் கேட்டிருந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிறிது சிறிதாக வேகத்தைக் குறையுங்கள். ‘இதுதான்’ என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். பேச்சின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படும்.

தாத்தாவின் நகைச்சுவைதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் எழுதிப் பார்த்தால் சிரிப்பே வருவதில்லை. என்ன தப்பு செய்கிறேன்?
– வாசகி, மதுரை

கடைசி வரியை மட்டும் எழுதியிருப்பீர்கள். மேடைச் சிரிப்பில் பாதி, எதிரே இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு அவருக்கு என்ன சின்னம், எதிரே நின்றது யார், அந்த வாரம் ஊரில் என்ன பிரச்சினை, யார் என்ன கேட்டதற்கு அவர் அப்படிச் சொன்னார் என்பது இன்றைய வாசகருக்குத் தெரியாது. அலமாரிச் சின்னத்தில் நின்ற ஒருவர் ‘பூட்டு என்கிட்ட, சாவி உங்ககிட்ட’ என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். சின்னம் அலமாரி என்பதை முதலில் சொல்லாவிட்டால் அது வெறும் வாக்கியம். 1952, 1957 தேர்தல்களைப் பற்றிய ‘பெட்டி’ ஜோக்குகளுக்கும் இதே கதிதான். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி, பெட்டிமேல் அவர் சின்னம். சீட்டில் குத்தும் முறை பொதுத்தேர்தலில் 1962-இல்தான் வந்தது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு ஜோக்கை எழுதினால் உயிர் வரும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் தேர்தல் கணக்கையும் சின்னங்களையும் முடித்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் போங்கள். ‘தாத்தா சொன்ன ஜோக் ஏதாவது சொல்லுங்க’ என்று கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. ‘எழுபத்தேழுல அவர் எந்த முக்குல நின்னு பேசுவார்? மைக் யாருடையது? கூட யார் போவாங்க?’ என்று இடத்தையும் ஆளையும் கேளுங்கள். பழைய நோட்டீஸை மேஜைமேல் வையுங்கள். இடம் மனதில் வந்தால் பேச்சு தானாக வரும். உங்களுக்கு முடிவு தெரிந்த கதையாக இருந்தாலும் எடுத்துக்கொடுக்காதீர்கள். எடுத்துக்கொடுத்தால் உங்கள் சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை மடித்த துண்டின்மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வயதானவர்கள் களைத்துவிடுவார்கள்.

ஒரே கதையை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றிலும் மாறாமல் வரும் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ‘ஏலே’ என்றால் ‘ஏலே’, ‘ஏனுங்க’ என்றால் ‘ஏனுங்க’. எழுத்துத் தமிழுக்குத் திருத்தினால் ஆளே மாறிப்போவார்.

ஜோக்குகள் ஊர் விட்டு ஊர் போகும். பெரிய தலைவர்கள் சொன்னதாக உலவும் பதிலடிகளை ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் ஆள்மீது ஏற்றிச் சொல்வார்கள். அப்படித் தோன்றுவதை ‘ஊரார் அவர் சொன்னதாகச் சொல்வது’ என்று தனித் தலைப்பில் போடுங்கள். அதுவும் அவருக்கு ஊர் கொடுத்த மரியாதைதான், ஆனால் அவர் வாக்கோடு கலக்க வேண்டாம். எதிர் வேட்பாளரைக் கடுமையாகத் தாக்கிய பேச்சைக் குடும்பக் கோப்பில் முழுதாக வையுங்கள். நூலாக அச்சிடும் முன் யோசியுங்கள். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறாகும் என்று சட்டம் சொல்கிறது.

சொந்தக்காரர்கள் ‘காசைக் கரியாக்கினார்’ என்கிறார்கள். நினைவு மலரில் அவர் வாங்கிய ஓட்டு எண்ணிக்கையைப் போடத் தயக்கமாக இருக்கிறது. போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

கட்டாயம் போடுங்கள். ஒற்றை எண்ணாகப் போடாமல், முடிந்தால் வாக்குச்சாவடிவாரியாகப் போடுங்கள். ‘படிவம் 20’ என்னும் இறுதி முடிவுத் தாளில் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொருவருக்கும் விழுந்த ஓட்டு இருக்கிறது. அண்மைத் தேர்தல்களுக்கு இது தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். தொகுதி முழுதும் 312 ஓட்டு என்றால் சின்னதாகத் தெரியும். அதில் 140 ஒரே சாவடியில் விழுந்திருந்தால், அந்தத் தெருக்களில் அவருக்கு என்ன இடம் இருந்தது என்று புரியும். அந்தச் சாவடிக்குப் போய்க் கேளுங்கள்.

இந்த வழியில் நடந்தவர் உங்கள் தாத்தா மட்டுமல்ல. மேட்டூரைச் சேர்ந்த கே. பத்மராஜன் 1988 முதல் இருநூறுக்கு மேற்பட்ட தேர்தல்களில் மனுத் தாக்கல் செய்திருக்கிறார். வடக்கே பரேலியின் ஜோகிந்தர் சிங், ‘தர்த்திபகட்’ என்று அழைக்கப்பட்டவர், 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில்கூட நின்று 1,135 ஓட்டு மதிப்பு (அந்தத் தேர்தலில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு) வாங்கினார். மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மக்களவைக்கு நாடு முழுவதும் 13,952 வேட்பாளர்கள். டெபாசிட் உயர்ந்து, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்ற விதியும் வந்தபின் 1998-இல் அது 4,750 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகும் உங்கள் தாத்தா நின்றிருந்தால், சட்டம் அவருக்கு வேலையை எவ்வளவு கடினமாக்கியது என்பதையும் மலரில் சொல்லுங்கள்.

தாத்தா குத்து வாங்கிய வாக்குச்சீட்டு ஒன்றாவது கிடைக்குமா?
– வாசகி, விழுப்புரம்

கிடைக்காது. நீதிமன்றமோ ஆணையமோ வேறுவிதமாக உத்தரவிடாவிட்டால் பயன்படுத்திய வாக்குச்சீட்டுகளை ஓராண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. வேட்பாளர்கள் பிரசாரத்துக்காக அடித்துக் கொடுத்த மாதிரி வாக்குச்சீட்டு ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். 2003-க்குப் பிறகு நின்றிருந்தால் அவர் கையெழுத்திட்ட சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் இருக்கும், அதைத் தேடுங்கள்.

தாத்தாவின் நூற்றாண்டு நினைவாக, அவருடைய பழைய சின்னத்திலேயே அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்க நினைக்கிறேன். முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

நிற்கலாம். சின்னம் மட்டும் உங்கள் கையில் இல்லை. சுயேச்சைச் சின்னங்களின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், தாத்தாவின் சின்னம் இன்று ஒரு கட்சிக்குப் போயிருக்கலாம். பட்டியலில் இருந்தால் மனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுதும்போது அதை முதலில் எழுதுங்கள். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டால் குலுக்கல்.

வயது 25 நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் வேண்டுமானாலும் வாக்காளராக இருக்கலாம். வேறு தொகுதி என்றால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். முன்மொழியும் பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். மனு அதிகம் தள்ளுபடியாவது இங்கேதான்: முன்மொழிபவரின் பாக எண்ணும் வரிசை எண்ணும் புதிய வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போகாது. பத்துப் பேருக்குப் பதில் பதினைந்து பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைப்பவரைத் தேர்தல் நடத்தும் அதிகாரி முன்பாகவே வைக்கச் செய்ய வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ‘இல்லை’ என்றாவது எழுதுங்கள். மனுவைக் கொடுத்த கையோடு உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள், பரிசீலனை நாளன்று எடுத்தால் செல்லாது. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பே தொடங்க வேண்டும். மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை, கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

முடிவு வந்தபின் 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் ‘அதான் தோத்தாச்சே’ என்று விட்டுவிடுவார்கள். தக்க காரணமின்றிக் கணக்குக் கொடுக்காதவரை மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியில்லாதவராக ஆணையம் அறிவிக்கலாம். உங்கள் தாத்தா இடையில் ஒரு தேர்தலில் மட்டும் நிற்காமல் விட்டிருந்தால், முந்தைய தேர்தலின் கணக்கு நோட்டைத் தேடிப் பாருங்கள்.